தாளின் மறுபுறம்

நம் தொடக்கப் பள்ளிகளின் ஓவியக்கல்விப் பாடத்தில் ‘மொசேக்’ என்றொரு பயிற்சி உண்டு. பழைய வண்ண இதழ்களையும் நாளிதழ்களையும் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, வரைந்து வைத்த உருவத்தின்மீது மாணவரை ஒட்டச் செய்வோம். பாடவேளை முடிந்ததும் மின்விசிறிக் காற்றில் பறந்து திரியும் துண்டுகளைப் பெருக்கச் சொல்வோம். நன்கமைந்த இரண்டு மூன்றை வகுப்பறைப் பின்சுவரில் தொங்கவிடுவோம். ஏனையவை ஆண்டிறுதியில் குப்பைக்குப் போகும். பயிற்சிக் கல்லூரியில் இதனைக் கற்ற நாள்முதல், வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளை அமைதியாக அமர்த்தி வைப்பதற்கு ஏற்ற வேலை என்பதற்குமேல் நான் இதற்கு மதிப்பளித்ததில்லை. அவ்வெண்ணம் பிழையானது என்பதை, 2018ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இலண்டன் மாநகரில் கழித்த ஒரு முற்பகல் எனக்கு உணர்த்திற்று.

மேற்படிப்பின் பொருட்டு அங்கிருந்த என் மகளைக் காணச் சென்றிருந்தேன். 1753இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பெற்ற பிரிட்டிஷ் அரும்பொருளகத்திற்கு அவள் என்னை அழைத்துச் சென்றாள். அங்குச் செல்லும் தமிழர் யாவரும் செய்வதுபோல் நானும் முதலில் சோழர் காலத்து ஆடவல்லான் செப்புத் திருமேனியின் முன் நின்று நேரத்தைப் போக்கிவிட்டேன். ஆனால் மகள் எனக்கெனத் திட்டமிட்டு வைத்திருந்தது வேறு. அவ்வரும்பொருளகத்தில் அச்சுப் படங்களையும் ஓவியங்களையும் காக்கும் பிரிவிற்கு ஓர் ஆய்வறை உண்டு. முன்கூட்டியே வேண்டுகோள் விடுத்தால், பேராசிரியரேயன்றி நம்போன்ற பள்ளியாசிரியரும் அங்கு அமர்ந்து, விரும்பிய தாளை வரவழைத்துக் காணலாம். பேனாவிற்கு அங்கு இடமில்லை, பென்சில் மட்டுமே. “அப்பா, நீங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற மொசேக்கை இங்க ஒரு பாட்டி செஞ்சிருக்காங்க, வந்து பாருங்க” என்றாள் அவள்.

மேசைமீது வைக்கப்பட்ட தாள், நாம் பயன்படுத்தும் ஏ4 தாளினும் சற்றே பெரியது. கருமைதீட்டிய பின்னணியில் ஒரு மலர்க்கொடி. நம் நாட்டில் மார்க்கிசா என வழங்கும் கொடியின் இனத்தது அது. தூரிகையால் தீட்டிய ஓவியம் என்றே எண்ணினேன். குனிந்து நோக்கியபோதுதான் இதழ்களின் விளிம்புகள் மயிரிழையளவு மேலெழுந்து நிழல்வீழ்த்துவதைக் கண்டேன். ஒற்றை மலரில் மட்டும் இருநூற்றுக்கும் மேற்பட்ட காகித இழைகள்! சில இழைகள் நூலினும் மெல்லியன. இலையொன்றின் பச்சை ஒரே பச்சையன்று. வெயில்பட்ட பச்சைக்கு ஒரு தாள், நிழல்பட்ட பச்சைக்கு வேறொரு தாள், நரம்பிற்கு மற்றொன்று எனத் துண்டின்மேல் துண்டாக அடுக்கப்பட்டிருந்தது. அங்கங்கே சிறிது நீர்வண்ணம் தொட்டிருப்பதைத் தவிர, மற்றெல்லாம் கத்தரிக்கோலின் வேலை. கீழ்மூலையில் எம், டி என்னும் ஈரெழுத்துகள். அவையும் வெட்டி ஒட்டப்பட்டவையே.

அவ்வெழுத்துகளுக்கு உரியவர் மேரி டிலேனி அம்மையார். தம் கைவினைக்கு அவர் தாமே இட்ட பெயர் ‘காகித மொசேக்’ என்பதாகும். 1700ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் இங்கிலாந்தின் வில்ட்சயர் வட்டாரத்தில், பின்னாளில் அரசியற் செல்வாக்கை இழந்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். பதினேழு வயதில், அறுபதை எட்டிய ஒரு நிலக்கிழாருக்கு அவரை மணமுடித்து வைத்தனர். அம்மணம் குடும்பத்தின் நலங்கருதிச் செய்யப்பட்டது; பெண்ணின் விருப்பம் கேட்கப்படவில்லை. ஏறத்தாழ ஏழாண்டுகளில் கணவர் இறந்தார். பெருஞ்செல்வம் எதுவும் அம்மையாருக்கு வரவில்லை. பல்லாண்டுகள் கைம்பெண்ணாக வாழ்ந்து, 1743இல் பேட்ரிக் டிலேனி என்னும் அயர்லாந்துச் சமயக் குருவைத் தம் விருப்பப்படி மணந்தார். டப்ளின் நகருக்கருகில் தோட்டமும் தையலும் கிளிஞ்சல் அலங்காரமுமாக இருபத்தைந்தாண்டுகள் இனிதே கழிந்தன. 1768இல் அவரும் மறைந்தார்.

அப்போது அம்மையாருக்கு அகவை அறுபத்தெட்டு. ஒரு வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் இவ்விடத்தில் முற்றுப்புள்ளி வைக்கத் தொடங்குவர். அவருடைய பணியோ இன்னும் தொடங்கவே இல்லை.

போர்ட்லந்துச் சீமாட்டி மார்கரெட் என்பார் அம்மையாரின் நெடுநாள் தோழி. பக்கிங்காம்சயரில் இருந்த புல்ஸ்ட்ரோடு என்னும் அவருடைய மாளிகை, மாளிகையாக மட்டுமன்றி ஒரு கல்விக்கூடமாகவும் விளங்கிற்று. செடிகொடிகள், பறவைகள், சிப்பிகள், அரும்பொருள்கள் ஆகியவற்றை அவர் ஓயாது திரட்டினார். கப்பல் தலைவர் குக்குடன் உலகைச் சுற்றி 1771இல் திரும்பிய ஜோசப் பேங்க்சும் டேனியல் சோலாண்டரும் அவ்வீட்டிற்கு வந்து போயினர். டிலேனி அம்மையார் ஆண்டுதோறும் பல திங்கள் அங்குத் தங்கினார். 1772ஆம் ஆண்டு ஒருநாள், மேசையிலிருந்த ஒரு சிவப்புத் தாளும் அருகிலிருந்த ஜெரேனியப் பூவின் இதழும் ஒரே நிறமாக இருக்கக் கண்டு, கத்தரிக்கோலை எடுத்து அவ்விதழின் வடிவை வெட்டினாராம். உள்ளே வந்த சீமாட்டி தாளிதழை மெய்யிதழென்றே மயங்கி, ஏன் பூவைப் பிய்க்கின்றீர் எனக் கேட்டாராம். இக்கதை எந்த அளவிற்கு மெருகேற்றப்பட்டதோ நாம் அறியோம். ஆயினும் பூக்களைப் போலச் செய்வதற்குப் புதுவழி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக அவ்வாண்டிலேயே அம்மையார் தம் உடன்பிறந்தாள் மகளுக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார். எழுபத்திரண்டு வயதில் எழுதிய கடிதம் அது.

அதன்பின் பத்தாண்டுகள். கண்ணொளி மங்கி, 1782இல் கத்தரிக்கோலைக் கீழே வைக்கும்வரை 985 தாள்களை அவர் முடித்தார். கணக்கிட்டு நோக்கின், வாரத்திற்கு ஏறத்தாழ இரண்டு. ஆயிரம் என்பதே அவர் கொண்ட இலக்கு. பதினைந்து குறைந்தது குறித்து வருந்துவதா, எண்பத்திரண்டு வயதுவரை இழையிழையாக வெட்டியதை வியப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தொகுதிகள் பத்தும் ‘புளோரா டிலேனிக்கா’ எனப் பெயர் பெற்றுள்ளன.

இது பொழுதுபோக்கு வேலையன்று என்பதை ஒரு சான்றால் விளக்கலாம். லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 1753இல் வெளியிட்ட நூல், செடிகளுக்கு இருசொற் பெயரிடும் முறைக்கு அடிப்படையாயிற்று. பூக்களின் மகரந்தத் தாள்களையும் சூல்தண்டுகளையும் எண்ணிச் செடிகளை வகுப்பது அவர் கண்ட நெறி. அம்மையாரின் தொகுதியில் ‘கிரைனம் சைலானிக்கம்’ என்றொரு மலர் உண்டு. இலங்கையின் பெயர் தாங்கிய அம்மலர், மலாய்க்காரர் பாக்கோங் எனக் கூறும் செடியின் இனம். அதன் பெயரோடு, ஆறு மகரந்தத் தாள்களும் ஒரு சூல்தண்டும் உடையது என்னும் வகுப்புப் பெயரும் சேர்த்தே எழுதப்பட்டுள்ளது. ஆறெனின் ஆறே ஒட்டியாக வேண்டும். அழகிற்காக ஏழாக்க இயலாது. ஆதலின் அவர் உயிருள்ள பூவைக் கண்முன் வைத்து, தேவைப்படின் பிரித்து எண்ணிப் பார்த்து, முன்வரைவு ஏதுமின்றிக் கண்ணளவாலேயே வெட்டினார். சில தாள்களில் மெய்யான இலையின் பகுதியையே காகிதத்தோடு பதித்திருக்கின்றார். செடியொன்றைப் பிழைக்கு அஞ்சாது விளக்குவதற்கு இத்தாள்களை நம்பலாம் எனப் பேங்க்ஸ் கூறியதாகச் சொல்வர். அவர் எளிதில் புகழும் இயல்பினர் அல்லர்.

இனிக் காகிதத்திற்கு வருவோம்; என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது அதுவே. அம்மையார் உயர்விலைத் தாள்களை மட்டும் நாடியவரல்லர். சுவரொட்டுத் தாளுக்குச் சாயமேற்றுவோரிடம், வண்ணம் வழிந்து கலந்து கெட்டுப்போன துண்டுகளைக் கேட்டு வாங்கினார். பிழையாகிப் போன வண்ணத்திலேதான் வாடத் தொடங்கிய இதழின் நிறம் கிடைத்தது. சீனத்திலிருந்து திரும்பும் கப்பல் தலைவர்களிடமும் தாள் வாங்கியதாகக் கூறுவர். கந்தோன் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்து திரும்பும் கப்பல் சுந்தா நீரிணையையோ மலாக்கா நீரிணையையோ கடந்தாக வேண்டும். அவ்வாறாயின், அம்மலர்களில் சில துணுக்குகள் நம் கடலைத் தாண்டிச் சென்றவையே.

மேலும் ஒன்று. மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பரவிற்று. அதற்கு முன் ஐரோப்பாவில் காகிதம் கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்டது. தேய்ந்த சட்டையும் கிழிந்த படுக்கைவிரிப்பும் ஊறவைத்து இடிக்கப்பட்டுத் தாளாயின. யாரோ உடுத்துக் கழித்த துணி தாளாகி, அத்தாளின் கழிவு பூவாகியிருக்கின்றது. அக்கந்தல் தாள் இருநூற்றைம்பது ஆண்டுகளைத் தாங்கி நிற்கின்றது. நம் பள்ளிகளில் ஐம்பதுகளில் எழுதப்பட்ட பதிவேடுகளைத் தொட்டால் விளிம்பு பொடியாகி விரலில் ஒட்டுகின்றது. மலிவான மரக்கூழ்த் தாளில் இருக்கும் அமிலம் அதனை உள்ளிருந்தே எரிக்கின்றது. தொட்டால்தானே பொடியாகும் என நினைப்பீர்கள். தொடுவதற்கே இல்லாமற் செய்தவன் ஒருவனை நான் அறிவேன். அதைப் பின்னர்ச் சொல்வேன்.

அம்மலர்களின் அழகில் மயங்கி, அவை எவ்வழி வந்தன என்பதை மறத்தலும் வரலாற்று ஆசிரியனுக்கு ஆகாது. மேலை இந்தியத் தீவுகளிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கீழ்த்திசையிலிருந்தும் செடிகள் இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட காலம் அது. அரசரின் கியூ தோட்டத்திலிருந்தும் அம்மையாருக்குச் செடிகள் அனுப்பப்பட்டன. கப்பல்கள் செடிகளை மட்டும் ஏற்றவில்லை. மனிதரையும் சரக்காக ஏற்றின. 1776இல் அவர் அபினிச் செடியின் மலரைச் செய்தார். பத்தாண்டு கழித்து, 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் கொடியேற்றினார். அபினிக் குத்தகை வரி பிற்காலத்தில் அக்குடியேற்றங்களின் கருவூலத்தை எவ்வளவு நிரப்பிற்று என்பதை நம் மாணவர் வரலாற்றுப் பாடத்தில் படிக்கின்றனர். கறுப்புத் தாளின்மீது அம்மலர் எவ்வளவு மாசற்றதாக நிற்கின்றது!

இத்துணைப் பெருமைக்குரிய கைவினையை அவர் காலத்துக் கலையுலகம் எவ்வாறு நோக்கிற்று? 1768இல் நிறுவப்பெற்ற அரச கலைக்கழகம், அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளிலேயே ஒரு விதி வகுத்தது. தையல் வேலை, செயற்கைப் பூக்கள், வெட்டிய காகிதம், கிளிஞ்சல் வேலை ஆகிய சில்லறைப் பொருள்கள் கண்காட்சியில் ஏற்கப்படா என்பது அவ்விதி. பெண்கள் வீட்டில் எவற்றைச் செய்தார்களோ அவற்றை ஒன்றுவிடாமற் பட்டியலிட்டது போலிருக்கின்றது. வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளைக்கு மொசேக்கை ஒதுக்கிய நானும் அக்கழகத்தின் உறுப்பினன்தான் என எண்ணிக் கொண்டேன்.

அவ்வாய்வறையின் நிலைப்பேழைகளில் வரிசையாக இருந்த பெட்டிகளைச் சுட்டி, அவற்றிற்குச் ‘சோலாண்டர் பெட்டி’ என்று பெயர் என்றாள் மகள். புல்ஸ்ட்ரோடு மாளிகைக்கு வந்துபோனவர் என மேலே கூறினேனே, அதே சோலாண்டர்தான். 1763 முதல் அவ்வரும்பொருளகத்தில் செடிகளை வகைப்படுத்தும் பணியிலிருந்தபோது, தாள்களைத் தூசியும் ஒளியும் படாமற் காப்பதற்கு நூல்வடிவிலான அப்பெட்டியை அவர் வகுத்தார். இன்றும் உலகெங்கும் அரும்பொருளகங்கள் அதனையே கையாளுகின்றன. தாளைச் செய்தவரை நினைக்கும்போது, தாளைக் காக்கப் பெட்டி செய்தவரையும் நினைக்க வேண்டும்.

பெட்டியைப்போலவே பிறரும் காத்தனர். 1785இல் போர்ட்லந்துச் சீமாட்டி இறந்தார். அவர் வாழ்நாளெல்லாம் திரட்டிய அரும்பொருட் களஞ்சியம் மறு ஆண்டு ஏலம் விடப்பட்டது. முப்பத்தெட்டு நாள்கள் நடந்தது அவ்வேலம். நாலாயிரத்திற்கு மேற்பட்ட தொகுப்புகள் நாலா திசையிலும் சிதறின. தங்கியிருந்த இடமும் துணையும் இழந்த அம்மையாருக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னர் விண்ட்சரில் ஒரு வீடும் ஆண்டிற்கு முந்நூறு பவுன் உதவித்தொகையும் அளித்தார். 1788 ஏப்ரல் 15இல் அவர் காலமானார். செல்வச் சீமாட்டியின் களஞ்சியம் போயிற்று. தோழியின் துண்டுத் தாள்கள் நின்றன. உறவினர் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். அவ்வழியில் வந்த லனோவர்ச் சீமாட்டி, அம்மையாரின் கடிதங்களைத் திரட்டி 1861, 1862ஆம் ஆண்டுகளில் ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்தார். அவரது விருப்பாவணத்தின்படி 1897இல் தாள்கள் அனைத்தும் அரும்பொருளகத்தை அடைந்தன. இச்சீமாட்டி, ஆங்கிலத்தின் நிழலில் ஒடுங்கிக் கொண்டிருந்த வேல்சு மொழிக்காக வாழ்நாள் முழுதும் உழைத்தவர் என்பதைத் தமிழாசிரியர்களுக்குச் சொல்லாமல் விட மனமில்லை. ஒரு மொழியைக் காக்கத் தெரிந்தவருக்குப் பழைய தாளையும் காக்கத் தெரிந்திருக்கின்றது.

நான் வந்தது இதற்காக அன்று என்பது, ஆய்வறைப் பொறுப்பாளர் ஒரு தாளை மெல்லத் திருப்பிக் காட்டியபோது எனக்குத் தெரிந்தது. மறுபுறத்தில் அம்மையாரின் கையெழுத்து. எந்த நாளில் செய்தது, எந்த ஊரில் செய்தது, செடியைத் தந்தவர் யார் என்னும் குறிப்புகள். முன்புறம் பூ, பின்புறம் ஒரு நாளும் ஓர் இடமும் ஒரு மனிதரும். அம்மூன்று வரிகள் இல்லையெனின் அத்தாள் அழகிய பொருளாக மட்டும் இருந்திருக்கும். அவை இருப்பதனால், எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு எச்செடி பூத்தது என்பதை இன்றும் ஆய்வாளர் சொல்ல முடிகின்றது. நான் நெடுநேரம் அப்பக்கத்தையே நோக்கியிருந்தேன். மகள், “என்னப்பா, பூவைப் பார்க்காமப் பின்னாடியே பார்க்குறீங்க?” என்றாள்.

அவளிடம் அன்று கூறாததை இங்குக் கூறுகின்றேன். பல்லாண்டுகளுக்கு முன் ஒரு தோட்டப் பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தேன். தோட்டம் விற்கப்பட்டு, பள்ளி நகர்ப்புறத்துப் புதுக் கட்டடத்திற்கு மாறிற்று. பழைய பண்டக அறையில் கறையான் அரித்த கட்டுகள் குவிந்து கிடந்தன. மாணவர் வரைந்த படங்கள், பெற்றோர் எழுதிய கடிதங்கள், பழைய வருகைப் பதிவேடுகள்; இவற்றோடு, போருக்குப் பிந்திய ஆண்டுகளின் சேர்க்கைப் பதிவேடுகளும். புதுக் கட்டடத்திற்குக் குப்பையைக் கொண்டு செல்வானேன் என்றெண்ணினேன். ‘சுராட் காபார் லாமா’ என ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வந்த வண்டியை நிறுத்தி, மூட்டை மூட்டையாக எடைக்குப் போட்டேன். கிடைத்த பணம் நாற்பது வெள்ளிக்குச் சற்று மேல். விளையாட்டுப் போட்டியன்று பிள்ளைகளுக்குக் குளிர்பானம் வாங்கினோம். என் சிக்கனத்தை எல்லாரும் பாராட்டினர்.

2011ஆம் ஆண்டு, ஆவணமற்ற இந்தியர்களைப் பதிவு செய்யும் ‘மைடஃப்தார்’ இயக்கம் நடந்தபோது, அறுபது வயதிருக்கும் ஒருவர் புதுப் பள்ளியைத் தேடி வந்தார். கையில் சிவப்பு அடையாள அட்டை. இந்நாட்டிலேயே பிறந்து, பால்மரம் வெட்டி, பேரன் பேத்தி கண்டவர். குடியுரிமை மட்டும் இல்லை. “வாத்தியாரய்யா, ரெண்டாவது வரைக்கும் நம்ம பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன். எம்பேரு புஸ்தகத்துல இருக்கும். அதுல ஒரு காப்பி எடுத்துக் குடுத்தீங்கன்னா போதும்” என்றார். பழைய பதிவேடுகள் இல்லை என்றேன். எங்கே போயின என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. “பரவால்லீங்க ஐயா” என்று கூறி, கைகூப்பிவிட்டுப் போனார். அப்பதிவேட்டில் அவர் பெயரும், தந்தை பெயரும், பிறந்த நாளும், சேர்ந்த நாளும் ஒரே வரியில் இருந்திருக்கும். அந்த ஒரு வரியால் அவர் வழக்கு வென்றிருக்குமா என்பது வேறு. அவ்வரியை எடைக்குப் போட்டவன் நான்.

2019ஆம் ஆண்டுப் பள்ளி திறந்ததும் நான்காம் ஆண்டு மாணவர்க்கு நானே மொசேக் பாடம் நடத்தினேன். வெள்ளிக்கிழமையன்று, செவ்வாய்க்கிழமை முதல் பாடவேளையில். கடையில் விற்கும் வண்ணத்தாள் வேண்டாம், வீட்டில் கிடக்கும் துண்டுகளைக் கொண்டு வாருங்கள் என்றேன். முடிந்தபின் ஒவ்வொரு தாளின் மறுபுறத்திலும் பெயர், நாள், ஊர் எழுதச் சொன்னேன். எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதச் சொன்னேன். வேலை முடிய மூன்று வாரம் பிடித்தது. சக ஆசிரியர் இருவர், பாடத்திட்டம் பின்தங்குகின்றதே எனக் கவலையுற்றனர். அவர்கள் கவலை நியாயமானதே.

அத்தாள்கள் முப்பத்தொன்றும் அமிலமற்ற உறைகளில் என் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. ஒரு சிறுவன் செம்பருத்தி செய்திருந்தான். இதழ் ஐந்து, எண்ணிப் பார்த்தேன். மறுபுறத்தில் அவன் எழுதியிருந்தது இது: ‘சிவப்பு, பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொடுத்த அங்பாவ் உறை. பச்சை, மைலோ பாக்கெட். மஞ்சள், பிள்ளையார் கோயில் திருவிழா நோட்டீஸ். கறுப்பு, தாத்தாவின் எக்ஸ்ரே கவர். தாத்தா போன மாதம் இறந்துவிட்டார்.’ அதன்கீழ் நாளும் ஊரும். அதற்கும் கீழே, நான் கேளாமலே, ‘பசை, அம்மா காய்ச்சிய கோதுமை மாவு’ என்று எழுதியிருந்தான்.